கைநீட்டும் வயது

2025 பிப்ரவரியில் எடப்பாடியில், தனியார் பள்ளிப் பேருந்தில் உட்காரும் இடத்துக்காக எழுந்த தகராறில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதே மாதம் ராசிபுரத்தில், சக மாணவருடன் ஏற்பட்ட கைகலப்பில் இன்னொரு ஒன்பதாம் வகுப்பு மாணவர். ஜூலையில் ஈரோட்டில், உடன் படித்தவர்கள் தாக்கியதில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர். ஆறே மாத இடைவெளியில், ஒன்றுக்கொன்று சில மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள மூன்று ஊர்களில், மூன்று வீடுகள் பிள்ளையைப் பறிகொடுத்தன.

ஒவ்வொரு முறையும் நாம் பேசுவது மாறுவதில்லை. புத்தகப் பையைச் சோதிக்க வேண்டும், வளாகம் முழுக்கக் கேமரா வைக்க வேண்டும், ஆசிரியர் கையில் மறுபடியும் பிரம்பைக் கொடுக்க வேண்டும், சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும். எல்லாமே பதினான்கு, பதினைந்து வயதை மட்டும் குறிவைக்கிற யோசனைகள். அந்த வயதில்தான் மூர்க்கம் எங்கிருந்தோ வந்து பிள்ளையைத் தொற்றிக்கொள்கிறது என்ற நம்பிக்கை இவற்றுக்கு அடியில் இருக்கிறது. கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகள் அந்த நம்பிக்கையை ஏறக்குறையப் புரட்டிப் போட்டுவிட்டன. மனிதர்கள் தம் வாழ்நாளில் மிக அதிகமாகக் கைநீட்டுவது இரண்டு முதல் நான்கு வயது வரையில்தான். பள்ளி வன்முறையைப் பற்றிக் கவலைப்படுகிற கொங்கு நாடு, இந்த வயதுக் குழந்தைகளின் பகல்பொழுது யார் கையில், எப்படிக் கழிகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மேற்சொன்ன நிகழ்வுகளில் தொடர்புடைய சிறுவர்களைப் பற்றி இங்கே எந்தத் தீர்ப்பும் இல்லை. அது இளஞ்சிறார் நீதிக் குழுமத்தின் வேலை. ஒரு தனிச் சம்பவத்தை வைத்து அந்த வீட்டின் வளர்ப்பை எடைபோடுவது அநியாயம். நாம் பார்க்க வேண்டியது, இன்று நடை பழகிக்கொண்டிருக்கிற ஆயிரக்கணக்கான குழந்தைகளை.

எல்லாக் குழந்தையும் அடிக்கும்

கனடாவின் மான்ட்ரியல் நகரில் ரிச்சர்ட் ட்ராம்ப்ளே என்ற ஆய்வாளர் 1984இல் ஒரு நெடிய வேலையைத் தொடங்கினார். ஏழைகள் வசிக்கும் பகுதிகளில் மழலையர் வகுப்பில் இருந்த 1,037 சிறுவர்களைப் பட்டியலிட்டு, அவர்கள் வளர வளரப் பின்தொடர்ந்தார். சண்டை போடுகிறார்களா, அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று பல ஆண்டுகளில் ஆசிரியர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். 6 முதல் 15 வயது வரையிலான பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோது, பெரும்பான்மைச் சிறுவர்களிடம் அடிதடி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. சுமார் 4 சதவீதம் பேர் மட்டும் ஆறு வயதிலும் அடித்தார்கள், பதினைந்து வயதிலும் அடித்தார்கள். ஆறு வயதில் சாதுவாக இருந்து, பதின்வயதில் மூர்க்கமாகி, அப்படியே நிலைத்துவிட்ட தனிக்கூட்டம் ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அப்படியொன்று கிடைக்கவில்லை.

ஆறு வயதிலேயே இப்படி என்றால் தொடக்கம் எங்கே? ட்ராம்ப்ளேயின் குழு பிறகு 572 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, குழந்தைகளுக்கு 17 மாதம் ஆனதிலிருந்து 42 மாதம் வரை தாய்மார்களிடம் கேட்டுவந்தது. 2004இல் வெளியான அந்த ஆய்வில், பெரும்பாலான குழந்தைகள் அந்த வயதிலேயே அடிப்பதும் தள்ளுவதும் கடிப்பதுமாக இருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து அவர்கள் அதைச் செய்யவில்லை. கையும் காலும் வசப்பட்டவுடன் அதுவும் கூடவே வந்துவிடுகிறது. குழந்தை கற்றுக்கொள்ள வேண்டியது அடிக்காமல் இருப்பதை. மொழியைப் போல, மலங்கழிக்கப் பழகுவதைப் போல, அதையும் யாராவது கூடவே இருந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்பதை எந்த அங்கன்வாடியிலும் காலை பத்தரை மணிக்குப் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் லாரி, இரண்டு குழந்தைகள். ஒன்று இழுக்கிறது, மற்றது விடவில்லை. பிடுங்க முடியாத குழந்தை அடுத்த நொடி முகத்தில் அறைகிறது. அதில் பகை இல்லை, திட்டம் இல்லை. ‘எனக்கும் வேணும்’ என்று சொல்லச் சொல் இல்லாத, காத்திருக்கத் தெரியாத வயது. டீச்சர் எழுந்து வந்து, அடித்த கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்குகிறார். “அடிக்கக் கூடாது கண்ணு. வாயில கேளு. அவன் ரெண்டு சுத்து ஓட்டிட்டுத் தருவான்” என்கிறார். சொல்லிவிட்டுப் போய்விடாமல், லாரி கைமாறும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மொத்தம் ஒரு நிமிடம். ஒரு குழந்தைக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளில் இந்த ஒரு நிமிடம் ஆயிரக்கணக்கான முறை வாய்த்தாக வேண்டும். அம்மாவிடம், அமுச்சியிடம், அப்பாவிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம், டீச்சரிடம் என்று பல கைகளில் வாய்த்துத்தான் பெரும்பாலான குழந்தைகள் ஐந்து வயதுக்குள் கையை அடக்கப் பழகுகின்றன.

யாருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை

எந்தக் குழந்தைகளிடம் அடிக்கும் பழக்கம் தணியாமல் நீடிக்கிறது என்பதற்கு உலகின் பல மூலைகளில் நடந்த ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தருகின்றன. மிக இளவயதில் தாயானவர்களின் குழந்தைகள், வருமானம் போதாத வீடு, பெற்றோருக்குள் ஓயாத சண்டை, பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் வீழ்ந்து கவனிப்பாரற்றுப் போன தாய், எடுத்ததற்கெல்லாம் அடிக்கும் வளர்ப்பு, பேச்சு வரத் தாமதமான குழந்தை, ரத்தசோகையும் சத்துக்குறைவும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. மூன்று, நான்கு ஒன்றாகச் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. அப்படிச் சேர்ந்த வீடுகளிலும் பல குழந்தைகள் நல்லபடியாகவே வளர்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம் மாநிலத்தின் நிலையைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21) காட்டுகிறது. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டு நிரம்பும் முன்பே கல்யாணம் முடிந்திருக்கிறது. பெண்கள் நலம் என்றும் ஊட்டச்சத்து என்றும் தனித்தனிக் கோப்புகளில் கிடக்கிற இந்த எண்களைப் பள்ளி வன்முறையின் முன்கதையாகவும் சேர்த்து வாசிக்க வேண்டும். அம்மாவை அப்பா அடிப்பதைத் தொட்டிலிலிருந்து பார்க்கிற குழந்தைக்கு, கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பாடம் பேச்சு வரும் முன்பே நடத்தி முடிக்கப்படுகிறது.

இவை எல்லா மாவட்டத்துக்கும் பொது. கொங்குக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது நேரம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பது அன்றாடப் பேச்சு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டரை, ஒன்பது. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிகள் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இரவு பகலாக ஓடுகின்றன. கோவையின் பவுண்டரிகளிலும் பம்ப் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் ஓவர்டைம் இல்லாமல் மாதக் கணக்கு நேராகாது. கணவன், மனைவி இருவரும் போனால்தான் வாடகையும் ஃபீஸும் மகளிர் குழுத் தவணையும் கட்ட முடியும். அங்கன்வாடியோ மாலை நான்கு மணிக்கெல்லாம் பூட்டிவிடும். நான்கிலிருந்து ஒன்பது வரை குழந்தை எங்கே இருக்கிறது? ஊரிலிருந்து தாத்தா, பாட்டியைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடிந்த வீடு தப்பித்தது. மற்ற வீடுகளில் ஏழு வயது அக்காவிடம் இருக்கிறது, அல்லது லைன் வீட்டுத் திண்ணையில் ஒரு செல்போனோடு இருக்கிறது.

இரவு ஒன்பதுக்குப் பிறகு அந்த லைன் வீட்டில் நடப்பதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் வீடு வீடாக உட்கார்ந்து குறித்துவைத்ததோடு அப்படியே பொருத்திப் பார்க்கலாம். பன்னிரண்டு மணி நேரம் டைலர் மெஷின் மிதித்துவிட்டு வந்த தாய் சோறு வடிக்கிறாள். குழந்தை போன் கேட்டு அழுகிறது. இல்லை என்கிறாள். அழுகை கத்தலாகிறது, தட்டைத் தள்ளிவிடுகிறது, அம்மாவை அடிக்கிறது. பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டுவார்களே என்ற பயத்தில், உடலில் தெம்பில்லாத நிலையில், போனைக் கொடுத்துவிடுகிறாள். கத்தல் நின்றுவிடுகிறது. கத்தி அடித்தால் கிடைக்கும் என்று குழந்தையும், கொடுத்துவிட்டால் அமைதி கிடைக்கும் என்று தாயும் ஒரே நொடியில் கற்றுக்கொள்கிறார்கள். மறுநாள் அவள் கொடுக்காமல் ஓங்கி அறைகிறாள். அப்போதும் கத்தல் நிற்கிறது. பெரிய கை ஜெயிக்கும் என்பது அன்றைய பாடம். மாதக்கணக்கில் இது சுற்றிச் சுற்றி நடந்தால், ஐந்து வயதில் அந்தக் குழந்தை வகுப்பறைக்கு எடுத்துவருவது இந்த ஒரே வித்தையைத்தான். சக பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள், ‘அடங்காதவன்’ என்று பெயர் வருகிறது, படிப்பு பின்தங்குகிறது. பத்து, பதினொரு வயதில் தன்னைப் போலவே ஒதுக்கப்பட்டவர்களோடு சேருகிறான். அங்கிருந்து அவனைத் திருப்புவது கடினம்.

பேச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 19 மாதமே ஆன இரட்டைக் குழந்தைகளிடம் கனடாவில் செய்த ஓர் ஆய்வு, சொற்கள் குறைவாக உள்ள குழந்தைகளிடம் அடிக்கும் குணம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. வியப்பில்லை, வாயால் கேட்க முடியாததைக் கை கேட்கிறது. தறி ஓடும் வீட்டில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். குழந்தையோடு கதை பேச அங்கே இடமில்லை. திருப்பூருக்கும் கோவைக்கும் ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருப்பவர்களின் குழந்தைகள் நிலை இன்னும் சிக்கல். வீட்டில் ஒரு மொழி, அங்கன்வாடியில் ஒரு வார்த்தைகூடப் புரியாத வேறு மொழி. அந்தக் குழந்தை முதல் மாதம் முழுக்கத் தள்ளியும் கடித்தும்தான் தன்னைப் புரியவைக்க முயலும். அதை முரட்டுத்தனம் என்று எழுதி ஓரத்தில் உட்காரவைத்தால், நாமே ஒரு முரடனை உருவாக்கத் தொடங்கிவிட்டோம்.

மொரீஷியஸ் சொல்லும் செய்தி

‘இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டு ஆய்வு, நமக்குப் பொருந்துமா’ என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு விடை இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. தமிழர் உட்பட இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் மொரீஷியஸில், 1970களின் தொடக்கத்தில் மூன்று வயதுக் குழந்தைகள் 1,795 பேரைப் பரிசோதித்தார்கள். கடைவாய்ப் புண், முடி நிறம் மாறுதல், முடி மெலிந்து உதிர்தல், ரத்தசோகை ஆகிய சத்துக்குறைவின் அடையாளங்கள் குறித்துவைக்கப்பட்டன. மூன்று வயதில் அந்த அடையாளங்கள் இருந்த குழந்தைகள் 8, 11, 17 வயதுகளில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முரட்டுத்தனம் காட்டினார்கள். குடும்ப வறுமையைக் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்தபோதும் இந்தத் தொடர்பு அறுபடவில்லை.

அந்தக் குழந்தைகளில் நூறு பேருக்கு 3 முதல் 5 வயது வரை நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, விளையாட்டோடு கலந்த கல்வி, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகியவற்றோடு ஒரு மழலையர் பள்ளி நடத்தினார்கள். 23 வயதில் பார்த்தபோது, வழக்கமான பள்ளிக்குப் போனவர்களைவிட இவர்களிடம் குற்றச்செயல் குறைவாக இருந்தது. மூன்று வயதில் சத்துக்குறைவோடு இருந்தவர்களுக்கே பலன் அதிகம். ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ஏட்ரியன் ரெய்ன், வன்முறையின் உடற்கூறு பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். மூளை, நரம்பு, மரபணு என்று பேசுகிற அவருடைய ஆய்வே கடைசியில் முட்டையிலும் மீனிலும் விளையாட்டிலும் நல்ல டீச்சரிலும் வந்து நிற்பது நம் அரசுகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கட்டடமும் முட்டையும் ஆளும் ஏற்கெனவே நம்மிடம் உண்டு.

‘அடியாத மாடு படியாது’

இங்கே எழும் முதல் எதிர்ப்பு பிரம்பைப் பற்றியது. ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையைச் சேர்த்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அடி வாங்கிய நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அவர்கள் கேட்கிறார்கள். நன்றாக இருப்பவர்கள் கேட்கிறார்கள். அடிக்குப் பயந்து எட்டாம் வகுப்போடு நின்று தறிக்குப் போனவர்கள் அந்தப் பேச்சில் இல்லை. 2016இல் ஆய்வாளர் எலிசபெத் கெர்ஷாஃபும் அவருடைய சகாவும் சுமார் 1.6 லட்சம் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அடி வாங்கும் குழந்தைகளிடம் மூர்க்கம் கூடுதலாகவே இருந்தது. முரட்டுக் குழந்தைக்கு அடி அதிகம் விழுவது இயல்புதானே என்று திருப்பிக் கேட்கலாம். தொடக்கத்தில் ஒரே அளவு முரடாக இருந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும், அடி வாங்கியவர்களிடமே முரட்டுத்தனம் வளர்ந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடைசெய்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. மதிப்பெண்ணுக்குப் பேர்போன நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்கும்போது, இங்கே பிள்ளைகளை அடிப்பதுண்டா என்று எத்தனை பெற்றோர் கேட்கிறார்கள்?

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. சாதிவெறியையும் சினிமாவையும் விட்டுவிட்டுத் தொட்டில் குழந்தையைப் பேசுவது பிரச்சினையைத் திசைதிருப்பாதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியது எந்தத் தாய்ப்பால் குறையாலும் அல்ல. பெரியவர்கள் ஊட்டிய சாதித் திமிரால். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளம் வரை களையச் சொன்னது. அதை முழுமையாக நிறைவேற்ற வேண்டும். தெற்கத்திப் பிரச்சினை என்று கொங்கு நாடு ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. 2015இல் கோகுல்ராஜும் 2016இல் உடுமலைப்பேட்டை சங்கரும் சாதி ஆணவத்தால் கொல்லப்பட்டது இந்த மண்ணில்தான். யாரை வெறுக்க வேண்டும் என்பதைச் சாதி கற்றுத்தருகிறது. எப்படி வெட்ட வேண்டும் என்பதைத் திரை அழகாக்கிக் காட்டுகிறது. ஆனால் அதே சாதிச் சங்கப் பேச்சைக் கேட்டு, அதே படத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கை ஓங்குவதில்லை. வெறுப்பைத் தடுப்பது ஒரு வேலை, கையை அடக்கப் பழக்குவது இன்னொரு வேலை. இரண்டையும் செய்தாக வேண்டும். இரண்டாவதை நாம் தொடங்கவே இல்லை.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில், 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இன்றுவரை பின்தொடரும் ஆய்வை வைத்து உளவியலாளர் டெரி மாஃபிட் கண்ட வேறுபாடு இங்கே உதவும். சின்ன வயதிலிருந்தே தொடர்ந்து முரடாக இருப்பவர்கள் ஒரு சிறு கூட்டம். பதின்வயதில் மட்டும் தடம் மாறிப் பிறகு திருந்திவிடுபவர்கள் பெருங்கூட்டம்; இவர்கள் பெரும்பாலும் முன்னவர்களைப் பார்த்து, அவர்கள் பின்னால் போகிறவர்கள். ஆகவே வகுப்புக்கு இருவராக இருக்கும் முதல் கூட்டத்தைச் சிறுவயதில் குறைத்தால், அவர்கள் பின்னால் போகக் காத்திருக்கிறவர்களுக்கும் அது காப்பு. ‘அப்பன் புத்தி, ரத்தத்தில் ஊறினது’ என்று கைவிரிப்பவர்களுக்கும் இதே ஆய்வு பதில் தந்தது. முரட்டுத்தனத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட ஒரு மரபணு வகை, சிறுவயதில் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளிடமே பெருமளவு வெளிப்பட்டது என்று 2002இல் தெரிவித்தார்கள்.

மூன்றாவதாக, இது கடைசியில் வேலைக்குப் போகும் தாயின் தலையில் பழியாக விழும் என்ற அச்சம். விழக் கூடாது. வேலைக்குப் போவது குற்றமல்ல. அவள் தைத்த பனியன் ஏற்றுமதியாகித்தான் திருப்பூருக்கு ‘டாலர் சிட்டி’ என்ற பெயர் வந்தது. பன்னிரண்டு மணி நேரம் அவளை எடுத்துக்கொள்கிற தொழில், அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அவள் குழந்தைக்கும் பொறுப்பேற்க வேண்டும். தகப்பன்மார் பொறுப்போ இந்தப் பேச்சில் எப்போதும் நழுவிப் போகிறது. சம்பள நாளன்று குடித்துவிட்டு வந்து அடிக்கிற கை அவனுடையது. குழந்தை பார்த்துக் கற்கிற கையும் அதுதான்.

செய்யக்கூடியவை

முதல் வேலை, நான்கு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையிலான ஓட்டையை அடைப்பது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017 முதல் சட்டம் சொல்கிறது. காகிதத்தில் காப்பகம் காட்டி, ஆய்வு நாளில் மட்டும் தொட்டில் கட்டுகிற இடங்களைத் தொழிலாளர் துறை முன்னறிவிப்பின்றி மாலை ஏழு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஐம்பது பேர் இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் தறிக்குடோன்களும்தான் இங்கே அதிகம். அவற்றுக்குத் தெருவுக்கு ஒன்றாகப் பொதுக் காப்பகம் தேவை. இடத்தை மாநகராட்சி தரட்டும், செலவில் ஒரு பங்கைத் தொழில் அமைப்புகள் ஏற்கட்டும். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் வழி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் முதல் மாவட்டங்களாகத் திருப்பூரும் கோவையும் இருக்க வேண்டும்.

அங்கன்வாடி டீச்சரை மீட்க வேண்டும். கணக்கெடுப்பு, செல்போன் பதிவேற்றம், எடை, உயரம், முகாம் என்று அவர் நேரம் போகிறது. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை எந்த அதிகாரியும் எந்த விவரமும் கேட்கக் கூடாது என்று ஓர் ஆணை போதும், செலவே இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் அடித்த குழந்தையை எப்படிக் கையாள்வது, அடி வாங்கிய குழந்தையை எப்படித் தேற்றுவது, பேச்சு வராத குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்பதில் அவருக்கும் ஆயாவுக்கும் செய்முறைப் பயிற்சி வேண்டும். வெளிமாநிலக் குழந்தைகள் அதிகமுள்ள மையங்களில் அவர்கள் மொழி தெரிந்த பெண் ஒருவரை, அந்தக் குடும்பங்களிலிருந்தே உதவியாளராக எடுக்கலாம்.

கிராம சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே தாய், சேய் இருவரையும் பார்க்கிறார். தடுப்பூசி அட்டையோடு இன்னும் நான்கு கேள்விகளை அவர் கையில் கொடுக்கலாம். தாய்க்குத் தூக்கம் வருகிறதா, வீட்டில் அடி விழுகிறதா, குழந்தைக்கு எத்தனை வார்த்தை வந்திருக்கிறது, இரும்புச்சத்து மருந்து உள்ளே போகிறதா. ஆபத்தான பதில் வந்தால் அனுப்புவதற்கு மாவட்ட மனநலக் குழுவும் அரசு மருத்துவமனைப் பேச்சுப் பயிற்சியாளரும் தயாராக இருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையின் பெயருக்கு நேராக ‘முரடன்’ என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறிவிடக் கூடாது. உதவி எல்லா வீட்டுக்கும் போகட்டும். தேவை அதிகமுள்ள வீட்டுக்குக் கூடுதலாகப் போகட்டும். முத்திரை குத்தாமல் உதவ அதுவே வழி.

ஒன்றாம் வகுப்புக்கு வந்தபிறகும் காலம் கடந்துவிடவில்லை. மான்ட்ரியலில் மழலையர் வகுப்பிலேயே அடங்காமல் இருந்த சிறுவர்களில் ஒரு பகுதியினருக்கு 7 முதல் 9 வயது வரை இரண்டு ஆண்டுகள் பயிற்சி அளித்தார்கள். பெற்றோருக்கு வீட்டில் அடிக்காமல் கட்டுப்படுத்தும் முறை, பிள்ளைகளுக்குப் பள்ளியில் பழகும் முறை. 24 வயதில் பார்த்தபோது பயிற்சி பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் பள்ளிப்படிப்பை முடித்திருந்தார்கள். பெறாதவர்களில் 32 சதவீதம். குற்றப்பதிவு இருந்தவர்கள் 22 சதவீதம். மற்றவர்களில் 33 சதவீதம். நம் பள்ளிகள் அத்தகைய பிள்ளைக்கு இப்போது கொடுப்பது டி.சி. அடுத்த பள்ளி, அதற்கடுத்த பள்ளி என்று தள்ளிக்கொண்டே போய்ப் பத்தாம் வகுப்பில் பிரச்சினையைக் காவல் நிலையத்திடம் ஒப்படைக்கிறோம். தொடக்கப் பள்ளியில் நடத்தையைக் காரணம் காட்டி டி.சி. கொடுக்க வட்டாரக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்றும், அதற்கு முன் பெற்றோருடன் குறைந்தது ஆறு அமர்வுகள் நடந்திருக்க வேண்டும் என்றும் விதி கொண்டுவரலாம். மாலை நேரத்தில் வர முடியாத பெற்றோருக்காக அந்த அமர்வுகளை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும். தகப்பனும் வர வேண்டும்.

இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளை இதில் விட்டுவிடவும் முடியாது. அவர்களுக்குப் பள்ளிக்கு ஓர் ஆலோசகர் உடனடித் தேவை. பல பள்ளிகளை ஒருவரே சுற்றிவரும் ஏற்பாடு போதாது.

கடைசியாக, மான்ட்ரியலையும் மொரீஷியஸையும் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்காமல் நமக்கென்று ஓர் ஆய்வு வேண்டும். குழந்தை வளர்ச்சியைப் பாடமாகவே நடத்தும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம், கோவை அரசு மருத்துவக் கல்லூரி, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஊரகச் சமூகவியல் துறை எல்லாம் ஒரே நகரத்தில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு திருப்பூர், கோவை, ஈரோடு, நாமக்கல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளில் ஆயிரம் பேரைப் பெற்றோர் சம்மதத்தோடு பதிவுசெய்து, வீட்டுச் சூழல், உணவு, பேச்சு, நடத்தை எல்லாவற்றையும் ஆண்டுக்கு இருமுறை குறித்துவரலாம். பாதிப் பேருக்கு இரவு ஒன்பது மணி வரை இயங்கும் காப்பகம் முதலில் கிடைக்கட்டும், மீதிப் பேருக்கு அடுத்த கட்டத்தில். செலவை ஏற்றுமதி நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தரட்டும். அந்தக் குழந்தைகள் ஒன்றாம் வகுப்பில் சேரும்போது முதல் அறிக்கையைச் சட்டப்பேரவையில் வைக்க வேண்டும்.